தறிகள் ஒன்றாய் அடித்த ஆவணி

மாதம்புதூரில் உள்ள தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கியது ஆவணி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அதற்குக் காரணமான தமயந்திக்கு மட்டும் சாயங்காலம் வரை அது தெரியாது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள்.

வாய்க்கால் பாலம் தாண்டி அந்த ஊருக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு கீழே தறிப்பட்டறை, மேலே குடித்தனம். விசைத்தறி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்துத் தறியை மதிக்காமல், எதிர்வீட்டுத் தறியை மதிக்காமல், பகலும் இரவும் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பதால், தகரக் கூரையின் மேல் வருஷம் முழுக்க விடாமல் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் ஊரை மூடிக்கொண்டிருக்கும். அங்கே பிறந்தவர்களுக்கு அது சத்தமாகவே படாது. வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கு முதல் ஆறு மாதம் தலையை வலிக்கும், அப்புறம் அவர்களும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகி, எதைச் சொன்னாலும் கத்திச் சொல்லப் பழகி, வெளியூர்க் கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கிற குரலிலேயே மாதம்புதூர்க்காரர்கள் என்று காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சத்தத்தில் ஒரு வசதியும் இருந்தது. தறிக்கு முன்னால் நின்றுகொண்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாய்விட்டுச் சொல்லலாம், பக்கத்தில் நிற்கிறவர் காதில்கூட விழாது. நாத்தனாரைத் திட்டுகிறவர்கள் திட்டினார்கள், சாமியிடம் கேட்கக் கூசுவதைக் கேட்கிறவர்கள் கேட்டார்கள், செத்துப்போன தம்பியோடு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறவர்கள் தொடர்ந்தார்கள். மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. நினைத்ததையெல்லாம் தறியிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து மரியாதையாக நடந்துகொள்வார்கள்.

தமயந்தி கரூர்ப் பக்கத்திலிருந்து சென்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், வீடியோ கேம் செய்கிற ஒரு பெங்களூர் கம்பெனிக்கு மாடி அறையில் உட்கார்ந்து சத்தம் செய்துகொடுப்பது அவள் வேலை. பனிப்பாறை பிளக்கிற சத்தம், இரும்புக் கதவு திறக்கிற சத்தம், பூதம் தூக்கத்தில் புரண்டு படுக்கிற சத்தம். எதையும் மைக்கில் பதிவு செய்ய அந்த ஊரில் வழியில்லை. ஒலிக்கென்றே உண்டான ஒரு கணினி மொழியில் வரிவரியாக எழுதித்தான் செய்வாள். அந்த மொழியில் ஆஸிலேட்டர் என்று ஒன்று உண்டு. ஊஞ்சல் மாதிரி அது ஓர் அசைவைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம்தான் நமக்குச் சத்தமாகக் கேட்கும். கீழே சென்னியப்பன் தறி ஓட்டினான், மேலே அவள் ஆஸிலேட்டர் ஓட்டினாள், இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் சந்தித்துக்கொண்டார்கள். குழந்தை இல்லை, அதைப் பற்றி ஒருமுறை பேசினார்கள், அதற்கப்புறம் பேசவில்லை. சென்னியப்பன் பேச்சு வராத மனுஷன் என்று தமயந்தி நினைத்திருந்தாள், அதைக் குறையாகவும் அவள் எண்ணவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்துகொண்டிருந்தது, கடலுக்கு அடியில் நகர்ந்துபோகிற ஒரு கோட்டையின் எந்திரச் சத்தம். அதற்கு இரண்டு ஆஸிலேட்டர்கள் எழுதி, ஒன்றுக்கு அண்ணன் என்றும் இன்னொன்றுக்குத் தம்பி என்றும் பெயர் வைத்திருந்தாள். ஒன்றாகத் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் தம்பி முந்திக்கொண்டு போய்விடும், அண்ணன் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கும், கோட்டை நொண்டும். பல நாளாக அவளை அது எரிச்சல்படுத்தியது. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினாள்: அண்ணன் ஒரு சுற்றை முடித்தவுடன் தம்பி எந்த இடத்தில் இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடவிட்டுக் கேட்டாள். கோட்டை நிதானமாக, நடக்கிற மனிதன் காலெடுத்து வைக்கிற வேகத்தில், நொண்டாமல் நகர்ந்தது. அதை ஓடவிட்டபடியே மற்ற வேலைகளைப் பார்த்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ தோளைத் தொட்டார்கள். வேலை நேரத்தில் மாடி ஏறாத சென்னியப்பன் நின்றிருந்தான். ஹெட்போனைக் கழற்றினாள்.

"கீழ வந்து பாரு," என்றான், மெதுவான குரலில். அவன் குரல் மெதுவாகவும் வரும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கீழே பட்டறையில் இருந்த தறிகள் ஒரே அடியாக அடித்தன. அடித்துவிட்டு ஒரு மூச்சுவிடும் நேரம் சும்மா இருந்தன. மறுபடி அடித்தன. தெருவுக்கு வந்தால் எதிர்வீட்டுத் தறியும் அதே நேரத்தில் அடித்தது, அடுத்த தெருவும் அடித்தது, ஊர்க் கோடியில் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டறையும் அடித்தது. தறிகள் பாதி வேகத்துக்கு இறங்கியிருந்தாலும் துணி வழக்கம்போலவே வந்தது, சொல்லப்போனால் நூல் அறுகிற தொல்லை இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஜனங்கள் வாசலில் நின்று கேட்டார்கள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மழை வருமா என்று பார்ப்பது போல வானத்தைப் பார்த்தார்கள், அப்புறம் சமையலைக் கவனிக்கப் போனார்கள்.

புதன்கிழமைக்குள் குக்கர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விசில் அடித்தன. தொட்டில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன, பெருக்குமாறுகள் ஒன்றாகத் தரையைத் தொட்டன, குழாயடியில் எல்லாக் குழாயும் ஒரே சொட்டாகச் சொட்டியது, தெருவில் நடக்கிறவர்களின் இடது கால் எல்லாம் ஒன்றாக விழுந்தது. ஈரோட்டு பஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் அதிலிருந்த பயணிகளின் தலைகள் சேர்ந்தாற்போல் ஆடத் தொடங்கின, திரும்பிப் போகிறபோது பாலத்தில் அவை தங்கள் இஷ்டத்துக்குத் திரும்பின. மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் வந்து மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, மின்சாரம் சரியாகத்தான் இருக்கிறது, மற்றது தங்கள் துறை அல்ல என்று சொன்னார். சொல்கிறபோது அவர் பேனா மூடி தறியோடு சேர்ந்து மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. கோயில் பூசாரி, மணி அடிக்க ஆள் வைக்க வேண்டியதில்லை என்றார். பரண்மேல் இருந்த பாத்திரங்கள் அடிக்கு அடி நகர்ந்து கீழே விழுந்ததால் வீடுகளில் சாக்கை மடித்துப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தார்கள். தறி உரிமையாளர் சங்கத் தலைவர் அர்த்தநாரியின் புது வீட்டில் மட்டும் சுவரில் ஒரு விரிசல் விட்டது, அதற்கு அவர் சிமெண்டு பூசிவிட்டார்.

இதற்கெல்லாம் ஊர் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. பழக முடியாமல் தவித்தது, அடிக்கும் அடிக்கும் நடுவே இருந்த அந்தச் சும்மாவுக்குத்தான்.

அந்த இடைவெளியில் ஒரு வார்த்தை கேட்கும். நீளமான வார்த்தையாக இல்லாவிட்டால் இரண்டு. தறியிடம் எதையெதையோ சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள் வழக்கம்போலவே சொல்லிக்கொண்டிருக்க, முதல் முறையாக அது வெளியே கேட்டது. அர்த்தநாரியின் பட்டறையில் பக்கத்துப் பக்கத்துத் தறி ஓட்டுகிற வேலாத்தாளும் அவள் நாத்தனார் பாவாயியும் பதினைந்து வருஷமாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. வேலாத்தாள், "திருட்டு" என்றாள். தறி அடித்தது. பாவாயி, "முண்டை" என்றாள். தறி அடித்தது. இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பேசித் தீர்க்கப் பெரியவர்களை அழைத்தபோது, இரண்டு பேரும் ஒரே வார்த்தைகளைத்தான், ஏறக்குறைய ஒரே வரிசையில் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியவந்தது, அதனால் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவாகாமல் எல்லோரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. வேறொரு வீட்டில், நிற்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த கல்யாணம் நடந்தது. அந்த வாரம் மாதம்புதூரில் பாதி ஜனங்கள் மீதிப் பாதியோடு பேசவில்லை, பேசாதவர்களும் சேர்ந்தே நடந்தார்கள், கால்களுக்கு வேறு வழி இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தமயந்தி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். ஊரே அடிக்கு நடுவே அமைதியாகிவிட்டபோது அது தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து, தறியின் அடி முடிந்த இடத்தில், "தமயந்தி," என்று கேட்டது.

இறங்கிப் போனாள். "கூப்பிட்டீங்களா?"

சென்னியப்பன் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "இல்லையே," என்றான், பார்வையைத் தறிப் பக்கம் திருப்பிக்கொண்டான். காது மடல்கள் சிவந்திருந்தன.

மேலே வந்து உட்கார்ந்தாள். நாலைந்து அடி கழிந்ததும் மறுபடி கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் இல்லை. அப்புறம் ஒரு நூல் முடிச்சுப் போடுகிற நேரத்தில் இரண்டு முறை அடுத்தடுத்துக் கேட்டது. அது உதவிக்குக் கூப்பிடுகிற குரல் அல்ல, தண்ணீர் கேட்கிற குரலும் அல்ல. வெயிலில் நடக்கிறவர்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி அவன் அவள் பெயரைச் சொன்னான். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று தமயந்தி யோசித்தாள். மேலே பூதம் புரளுகிற சத்தத்தைக் காதை மூடிக்கொண்டு செய்துகொண்டிருந்த நாளெல்லாம் கீழே அது நடந்திருக்கிறது. அன்றைக்குக் கம்பெனி வேலை ஒன்றும் ஓடவில்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அடிக்கும் அடிக்கும் நடுவே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோட்டையைக் கொஞ்சம் வேகமாக்கச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கேட்டார்கள். அண்ணனின் வேகத்தைச் சொல்லும் எண்ணை மாற்றினாள். உடனே சென்னியப்பன் படியேறி வந்தான், அவன் ஏறிய வேகத்தில் ஒரு மாற்றம் இருந்தது.

"மேல என்னமோ பண்ணினயா?"

"கொஞ்சம் வெசையாக்கினேன்."

"ஊரே வெசையாத்தான் நடக்குது," என்றான். ஜன்னல் வழியாக இரண்டு பேரும் பார்த்தார்கள். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு நாய், எல்லாம் வெசையாகத்தான் போய்க்கொண்டிருந்தன. சென்னியப்பன் யோசித்தான். "செரி, பழையபடியே வெச்சுரு," என்றான்.

யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் வாய்ச்சொல் வெளியே கேட்கிற ஊராகிவிட்டிருந்ததால் பொழுது இறங்குவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு யாரும் வரவில்லை, கேட்டுக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீட்டார், தாலி கட்டுகிற நேரத்தில் கொஞ்சம் மெதுவாக வைக்க முடியுமா என்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார், பாடம் முடியவில்லை, பரீட்சை வருகிறது, வேகமாக வேண்டும் என்றார். முதுகுவலிக்காரர் ஒருவர் தன் தெருவுக்கு மட்டும் தனியாக வைக்கும்படி கேட்டார். முடிந்ததைத் தமயந்தி செய்தாள். கடலடிக் கோட்டையைப் பெங்களூருக்கு அனுப்பியாகிவிட்டது, ஆனாலும் அந்த அண்ணனை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தாததற்குக் காரணத்தை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானமானால் கீழேயிருந்து அவள் பெயர் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அர்த்தநாரி வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டினார், ஊரோடு சேர்ந்து ஆடியது.

"அம்மிணி, தீபாவளி ஆர்டர் குமிஞ்சு கெடக்குது. சித்த வெசையா வெச்சா அல்லாருக்கும் நல்லதுங்க."

"ஆளுங்களுக்குத் தாங்கோணுமில்லீங்க."

"தறிதான ஓடுது? ஆளு நிக்கத்தான செய்யறாங்க?"

அவர் சொன்னது நியாயம்போல இருந்ததால் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினாள். இரண்டு நாள் கழித்து, தறிக்கு முன்னால் நின்றபடியே பாவாயி சரிந்து விழுந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தவள் வேலாத்தாள். ஊருக்கு ஒரே டாக்டரான மரகதம் வந்து பாவாயியின் நாடியைப் பிடித்தார், புருவத்தைச் சுருக்கினார், வேலாத்தாளின் நாடியைப் பிடித்தார், தன் நாடியையே பிடித்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம் நேரே தமயந்தி வீட்டு மாடிக்கு வந்தார்.

"முதல்ல வேகத்தைக் குறைங்க," என்றார். தமயந்தி குறைத்ததும் இருவருக்கும் மூச்சு சீரானது. "ஒரு வாரமா கிளினிக்குக்கு வர்றவங்க எல்லாருக்கும் நாடி ஒரே எண்ணிக்கைதான் காட்டுது. என் கடிகாரம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ஊர்ல எல்லா நெஞ்சும் உங்க தறியோடதான் அடிக்குது."

"என் தறி இல்லீங்க டாக்டர்," என்றாள் தமயந்தி. "இது." லேப்டாப்பைக் காட்டினாள்.

மரகதம் அதைப் பார்த்தார், அதன் ஒயர் சுவரில் செருகியிருந்த இடத்தையும் பார்த்தார். "வெள்ளிக்கிழமை முழுநாள் கரண்ட் கட். ஸ்கூல் மேல கம்பி தொங்குதுன்னு மாத்தறாங்க. உங்க பேட்டரி அதுவரைக்கும் தாங்குமா?"

அதைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க ஆள் அனுப்பினார்கள். பிள்ளைகள் தலைக்கு மேல் கம்பி தொங்குகிறது, எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவைக்க முடியாது என்றார் உதவிப் பொறியாளர். காரணத்தைச் சொன்னபோது தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஆனாலும் முடியாது என்றார்.

புதன்கிழமை காலை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. ஓர் அடிக்கு ஒரு வார்த்தையாகப் பேச வேண்டியிருந்ததால் யாரும் யாரையும் இடைமறிக்கவில்லை, அப்படி ஒரு கூட்டத்தை அந்த மண்டபம் முன்னால் பார்த்ததில்லை. தமயந்தி எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள்.

"நம்ம தறியும் நெஞ்சும் இப்ப அந்தத் தம்பி மாதிரிதானுங்க. பேட்டரி தீர்ந்து தானா அணைஞ்சுதுன்னா அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. அதுக்கு முன்னாடி அந்த ஒத்தை வரிய நான் எடுத்துட்டா, அண்ணன் இழுக்கறது மட்டும்தான் நிக்கும். தம்பி அவம்பாட்டுக்கு ஓடுவான்."

"அவம்பாட்டுக்குன்னா எந்த வேகத்துல?" என்றார் மரகதம்.

"அவனோட சொந்த வேகத்துல. அது அவங்கிட்டயேதானுங்க இருக்குது, எங்கயும் போகல. ஒவ்வொரு சுத்துக்கும் அவனப் பாதியில இழுத்து மொதல்ல நிறுத்தறோம், அவ்வளவுதான்."

"ஓடுவான்னு எப்பிடித் தெரியும்?" என்றாள் வேலாத்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஓடறான்."

"நெஞ்சுல?"

தமயந்தி கையை விரித்தாள். "தெரியாதுங்கக்கா," என்றாள்.

அர்த்தநாரி எழுந்தார். "எங்கிட்ட ஜெனரேட்டர் இருக்குது. டீசல் நான் ஊத்தறேன். நல்லா ஓடறத எதுக்குங்க நிறுத்தோணும்?" நூல் அறவில்லை, துணி கூடுதலாக வருகிறது, ஊரில் கத்திப் பேசுவது நின்றுவிட்டது என்று அவர் ஓர் அடிக்கு ஒன்றாகச் சொன்னார். சொன்னதெல்லாம் உண்மைதான். பலர் தலையாட்டினார்கள்.

பாவாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "ஆயுசுக்கும் ஊத்துவீங்களா?"

அர்த்தநாரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அடி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது, தனக்கே ஆயுசு எவ்வளவு என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம். வரியை எடுத்துவிடுவது என்றும், மறுநாள் காலை பத்து மணிக்கு என்றும் முடிவானது. அதற்கு முன்னால் எல்லோரும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று மரகதம் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கையைப் பிடித்துக்கொள்ளும் யோசனை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. தனியாக இருந்தால் பயமாக இருக்கும், யாராவது ஒருவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் நின்றுபோனாலாவது தெரியும் என்று எங்கோ ஒருவர் சொல்ல, வியாழக்கிழமை காலை மாதம்புதூர் வாசல்களில் ஜனங்கள் இரண்டிரண்டு பேராக, கோரைப்பாய் போட்டு, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள், பேச்சு விட்டுப்போன பங்காளிகள் இருந்தார்கள், நிச்சயம் நின்றுபோன பெண்ணும் பையனும்கூட வேறு ஆள் கிடைக்காமல் இருந்தார்கள். வேலாத்தாள் பாவாயியின் கையைப் பிடித்திருந்தாள், இருவரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த அர்த்தநாரியின் பக்கத்தில், கம்பத்தை அளக்க வந்திருந்த உதவிப் பொறியாளர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கையை நீட்டினார். தறிகளை யாரும் நிறுத்தவில்லை. அவை அடித்துக்கொண்டிருந்தன.

மாடியில் தமயந்தி லேப்டாப்புக்கு முன்னால் இருந்தாள். சென்னியப்பன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையில் எண்ணெய் வாசம் அடித்தது. அவன் விரல்கள் அவள் நாடியின் மேல் இருந்தன, அவள் விரல்களை அவன் எடுத்துத் தன் நாடியின் மேல் வைத்துக்கொண்டான். இரண்டும் ஒன்றாகத்தான் அடித்தன. எது யாருடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இந்த வரியை எடுத்தால் மத்தியானத்தில் தன் பெயர் கேட்காது என்று அவள் நினைத்தாள். அவனிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

"பத்தாச்சு," என்றான் அவன்.

வலது கையால் அந்த வரியை அழித்தாள்.

அடி விழ வேண்டிய இடத்தில் அடி விழவில்லை. ஊர் முழுக்க ஒரு மூச்சும் கேட்கவில்லை. தமயந்தியின் விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, அவளுடைய மார்புக்குள்ளும் ஒன்றும் இல்லை, கிணற்றில் விட்ட கல் இன்னும் தண்ணீரைத் தொடாத மாதிரி இருந்தது. சென்னியப்பன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண் சிமிட்டாமல். பிறகு அவளுக்குள் ஒன்று அடித்தது. அவன் மணிக்கட்டில் இன்னும் இல்லை. அவள் அவன் கையை இறுக்கினாள், நகம் பதிகிற அளவுக்கு இறுக்கினாள். அப்போது அடித்தது, அவளுடையதற்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் கனமாக. அடுத்ததும் பின்னால்தான் வந்தது. அவனுடைய நெஞ்சு அவளுடையதைவிட மெதுவாக அடிக்கிற நெஞ்சு, அதுவரை அவளுக்கு அது தெரியாது.

கீழே ஒரு தறி அடித்தது, அதற்கு ஒரு கண்ணிமைப்பு தள்ளி இன்னொன்று. எதிர்வீட்டில் ஒன்று, அடுத்த தெருவில் ஒன்று, பிறகு நாலு தெருவிலும். ஒவ்வொன்றும் தன் வேகத்தை எடுத்துக்கொண்டு முந்திப் பிந்தி விலகி விலகிப் போக, பெருமழை மறுபடி ஊரின் மேல் இறங்கியது. சென்னியப்பன் ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தாள், பசிக்கிறது என்றான். இப்போதுதானே சாப்பிட்டீர்கள் என்று அவள் கத்தினாள்.

ஒருவரும் சாகவில்லை. மரகதம் தெருத்தெருவாக நடந்து நாடி பார்த்தார், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண்ணிக்கை இருந்தது, சிலருக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பாவாயியும் வேலாத்தாளும் மத்தியானமே தறிக்குப் போய் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மாதம்புதூரில் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் இப்படி வரும், அப்போதெல்லாம் ஜனங்கள் தூங்குவார்கள். இந்த முறை யாரும் தூங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, அது நடக்கிறது என்று தெரிந்த பிறகும் கையை எடுக்காமல் இருந்தார்கள். பேச்சுக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை, எது சொன்னாலும் தெருக்கோடி வரை கேட்கும். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆட்கள் கம்பியை இழுக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தமயந்தி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் கீழே, நின்றுகிடந்த தறியில் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கை வேலையில் இருக்க, வாய் தன் பழக்கத்துக்குத் திறந்துகொண்டது.

"தமயந்தி," என்றான்.

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தினாள். பங்காளிகள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன விஷயமாக இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்னங்க?" என்றாள் தமயந்தி மாடியிலிருந்து.

பட்டறையில் நாடா ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"ஒண்ணுமில்ல," என்றான் சென்னியப்பன், ஊரே கேட்கிறது என்று தெரிந்துதான். "சும்மா கூப்பிட்டேன்."

முறம் மறுபடி புடைத்தது. தமயந்தி மடித்த துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து அவன் மறுபடி கூப்பிட்டான், அவள் மறுபடி "என்னங்க" என்றாள். கரண்ட் வருகிறவரை அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், ஒரு தடவையும் விடாமல் அவள் பதில் சொன்னாள், தெருவில் யாரும் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.